கைப்பிடி கம்பெனியின் மகத்தான இணைப்பு

உலகத்தில் இதுவரை நடந்த இணைப்புகளிலேயே மகத்தானது எது என்று கேட்டால், எங்கள் கம்பெனியின் புரபோசல் மென்பொருளுக்கும் ‘கிளவுட்’ என்கிற மேகத்தில் இருக்கும் டேட்டாபேஸுக்கும் நடந்த இணைப்புதான் என்று அடித்துச் சொல்வேன். என் கல்யாணத்தையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன். கல்யாணத்தில் இரண்டு தரப்பும் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. இதில் அந்தத் தொல்லை கிடையாது.

நாங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி செய்கிறவர்கள். வயதானவர்களும் ஆபரேஷன் ஆனவர்களும் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கத் தோதான ஸ்டீல் கைப்பிடி. நான் விற்பனைப் பிரிவில் உதவி மேலாளர். வீட்டுக்குப் போய்ப் படியை அளந்து, விலை போட்டு, ‘தங்கள் பாதுகாப்பே எங்கள் பெருமை’ என்ற வாசகத்தோடு புரபோசல் அனுப்புவேன். அதன் அடியில் ‘சம்மதம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். வாடிக்கையாளர் தன் போனில் ஒன்றை அழுத்துவார்.

இணைப்புக்கு முந்தைய இருண்ட காலத்தில் இதற்குப் பிறகு நடந்ததை வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. ஆபீஸில் டைப் செய்கிற அக்காவை நாங்கள் மைக் அக்கா என்போம். சம்மதம் வந்ததும் அவர் விவரத்தை டேட்டாபேஸில் டைப் செய்வார். செய்துவிட்டு எழுந்து போய், பட்டறைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து, அளவுத் தாளை நீட்டியபடி கத்துவார்.

“ஃபோர்மேன் சார்! ரெண்டு பக்கமும்! நடுவுல ஒரு திருப்பம் இருக்கு! அவசரமாம்!”

“ஆச்சு!” என்று பட்டறையிலிருந்து பதில் கத்தல் வரும். அவ்வளவுதான், பைப் வளைய ஆரம்பித்துவிடும். ஒரு கம்பெனி இப்படியா நடப்பது?

இந்த அநாகரிகத்தைத் தாங்க முடியாமல்தான் முதலாளி ஓர் ஆலோசகரை வரவழைத்தார். ஆலோசகர் வந்ததும் எங்கள் வெள்ளைப் பலகையை ஒருமுறை கருணையோடு பார்த்தார்.

“ஒரு வரி புரோகிராம்கூட எழுத வேண்டாம் சார். கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தா போதும்.”

“எங்கள்ல யாருக்குமே எழுதத் தெரியாதே” என்றார் முதலாளி.

“அதான் சார் உங்க பலம்.”

தொழில் தொடங்கிய நாளிலிருந்து கூடவே இருந்த பலத்தை முதலாளி அன்றுதான் அறிந்தார். கண் கலங்கிவிட்டது.

பிறகு ‘செயல்முறை ஆய்வு’ நடந்தது. அதாவது மைக் அக்காவிடம் மூன்று கேள்வி.

“சம்மதம் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“டைப் பண்ணுவேன்.”

“அப்புறம்?”

“ஜன்னலைத் திறந்து கத்துவேன்.”

“எந்த ஆப்புல?”

“வாயிலதான்.”

ஆலோசகர் தன் லேப்டாப்பில் தேடினார். இணைக்கத்தக்க மென்பொருள்களின் சின்னங்கள் அதில் வரிசை வரிசையாக இருந்தன. வாய் இல்லை. “இதை அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்” என்றார். அடுத்த கட்டம் என்பது கூட்டங்களில் எல்லாருக்கும் பொதுவான பரண். போட்டால் பத்திரமாக இருக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள்.

‘வேண்டாம்’ பொத்தானுக்கு மட்டும் தனி மரியாதை செய்தார். யாராவது அதை அழுத்தினால் முதலாளியின் போனில் அபாயச் சங்கு ஊதும்.

“வேண்டாங்கறவங்கதான் சார் முக்கியம். உடனே போய்ப் பிடிக்கணும்.”

“அப்போ சரிங்கறவங்க?” என்று நான் கேட்டுத் தொலைத்தேன்.

“அவங்கதான் சரின்னுட்டாங்களே” என்றார் ஆலோசகர். அறையே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

இணைப்பு நடந்தேறியது. வாடிக்கையாளர் ‘சம்மதம்’ என்று அழுத்திய கணமே அவர் விவரம் மேகத்துக்குப் போய், அங்கிருந்து இறங்கி, புதிதாக வாங்கிய பெரிய திரையில் பச்சை வரியாக ஜொலிக்கும். திரையை மாட்ட வாகான, பிளக் பாயின்ட் உள்ள சுவர் ஆபீஸில் ஒன்றுதான் இருந்தது. அதில் ஜன்னல் ஒன்று அநாவசியமாக இருந்ததால் அதன் மேலேயே மாட்டினோம். மைக் அக்காவுக்கு ‘தானியங்கி ஒருங்கிணைப்பாளர்’ என்று பதவி உயர்வு. கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பது அவர் வேலை. அதை அவர் குறைவில்லாமல் செய்தார்.

திரை பச்சைப்பசேல் என்று செழித்தது. பட்டறையில் சத்தம் குறைந்தது. இயந்திரங்களுக்குக்கூட அடக்கம் வந்துவிட்டதே என்று பூரித்தோம். ஒருநாள் ஃபோர்மேன் தலையைச் சொறிந்தபடி வந்து, “வியாபாரம் எப்படிங்க போகுது?” என்று விசாரித்தார். “பிரமாதம்!” என்றார் முதலாளி. பாவம், எவ்வளவு நஷ்டத்திலும் மனுஷன் முகத்தில் காட்டிக்கொள்வதில்லை என்று ஃபோர்மேன் பட்டறையில் போய்ச் சொன்னாராம். வேலை இல்லாததால் பழைய பைப்புக்கே எல்லாரும் மறுபடி மறுபடி பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பொற்காலத்தில்தான், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ஆபீஸுக்கு நேரிலேயே வந்துவிட்டார். அவர் மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன். வீடு மாடியில், படி செங்குத்து, பிடிக்க ஒன்றும் இல்லை. கைப்பிடி போடாமல் அந்த அம்மாள் படியில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அளவெடுத்தவன் நான்தான். அவர் அன்றைக்கே சம்மதம் அழுத்திவிட்டார்.

“அனுப்பி ரொம்ப நாளாச்சு தம்பி. ஒண்ணும் வரலையே. மாடியிலேயே அடைஞ்சு கிடக்கா. நானே இறங்கிப் பாத்துடறேன்னு வேற அடம் பிடிக்கறா. பயமா இருக்கு.”

“வராம எங்க போகும்? இப்படி வாங்க” என்று அவரைத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். “பாத்தீங்களா, உங்க வரி. பச்சை.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “பச்சையைப் பிடிச்சுக்கிட்டு அவ இறங்க முடியுமா தம்பி?”

வாடிக்கையாளரின் அறியாமையைப் போக்குவது எங்கள் கொள்கை. அவரை உட்காரவைத்து முதலிலிருந்து விளக்கினேன். மேகம் என்றால் என்ன, அம்பு எங்கே புறப்பட்டு எங்கே போகிறது, இதற்கு நாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எப்பேர்ப்பட்ட அதிசயம், எல்லாம் சொன்னேன். இடையில் எழுந்திருக்கப் பார்த்தார், விடவில்லை. சந்தேகத்துக்கு ஆலோசகரையும் போனில் பிடித்தேன்.

“பச்சைதானே? பச்சைக்கு மேல கலரே இல்ல சார். முடிஞ்சுது” என்றார் அவர்.

“முடிஞ்சுதாம்” என்றேன் டிரைவரிடம்.

“வீட்டுல தனியா இருக்கா, நான் வரேன்” என்று அவர் கிளம்பினார். நன்றிகூடச் சொல்லவில்லை.

சில நாள் கழித்து, இந்த இணைப்பை மற்ற கம்பெனிகளுக்கும் கற்றுத்தருவது பற்றி ஆலோசகரோடு நடந்த கூட்டத்தில் முதலாளியின் போன் சங்கு ஊதியது. எங்கள் வரலாற்றில் முதல் சங்கு. டிரைவர் வரி சிவந்துவிட்டது. போட்டது போட்டபடி கிளம்பினோம். முதலாளி பட்டறைக்கே ஓடினார்.

“அந்த டிரைவர் வீட்டுக் கைப்பிடி எங்கய்யா?”

“எந்த டிரைவர்?” என்றார் ஃபோர்மேன்.

“ஆர்டர் வந்து எவ்வளவு நாளாச்சு!”

“யாரும் கத்தலையே சார்.”

எல்லாரும் மைக் அக்காவைப் பார்த்தோம்.

“அதுவே கத்தும்னு நெனச்சேன்” என்றார் அவர்.

எல்லாரும் ஆலோசகரைப் பார்த்தோம்.

“கத்தறதுக்கும் ஒரு இணைப்பு இருக்கு சார். அதுக்குத் தனிச் சந்தா” என்றார் அவர்.

இருந்த பைப்பை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, வழியில் ஒரு பூங்கொத்தும் வாங்கிக்கொண்டு, ஆபீஸும் பட்டறையுமாகத் திரண்டு போனோம். மாடிக்கு ஏற வேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டு முன்னறையில், வீட்டுக்காரர் இரக்கப்பட்டுப் போட்டுக்கொடுத்த கட்டிலில் அந்த அம்மாள் படுத்திருந்தார். காலில் இடுப்பு வரை மாவுக்கட்டு. டிரைவர் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் ஐயா வேண்டாம்னு போட்டீங்க? இதோ, இன்னிக்கே மாட்டிடறோம்” என்றார் முதலாளி, பூங்கொத்தை நீட்டி.

“சரின்னு போட்டப்போ ஈ காக்கா எட்டிப் பாக்கலை. வேண்டாம்னதும் வாசல்ல நிக்க இடமில்லை” என்றார் டிரைவர். குரலை உயர்த்தவே இல்லை. “கைப்பிடி எதுக்கு இனிமே? அவதான் கீழ வந்துட்டாளே.”

ஏதாவது கேட்க வேண்டுமே என்று நான்தான் கேட்டேன். “எப்போ விழுந்தாங்க?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க என்னை உக்காரவெச்சு மேகம் காட்டிக்கிட்டு இருந்தீங்களே தம்பி, அப்போ.”

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன் மறுபடி ஊத ஆரம்பித்தது. மறுப்புக்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்காமல் சங்கு ஓயாதாம். ‘விலை அதிகம்’, ‘வேறு நிறுவனம்’, ‘தேவை தீர்ந்தது’ என்று மூன்றே காரணங்கள். அம்மாள் தூக்கம் கலைந்து முனகினார். முதலாளி போனை என் கையில் திணித்தார். மூன்றாவதை அழுத்தினேன். சங்கு நின்றது. வீடு அமைதியானது.

ஆகவே எங்கள் இணைப்பில் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இன்றைக்கும் ஒழுங்காக ஓடுகிறது. ஆபீஸ் மொத்தமும் கூடி ஒரு அம்மாளை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டோம். அதில் தள்ளியவர் பெயர் எந்த இடத்திலும் பதிவாகவில்லை.