எட்டுத் தகரமும் ஓர் உலக சினிமாவும்

உலக சினிமாவை எங்கெங்கோ எடுக்கிறார்கள், எங்கெங்கோ பரிசு கொடுக்கிறார்கள். ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் வேலை மட்டும் தெஹியோவிட்ட பஸாரில்தான் நடக்கிறது. இதை உலகம் இன்னும் அறியாமலிருப்பது உலகத்தின் நஷ்டம். பஸாரின் சார்பில் அந்தப் பொறுப்பைத் தனி ஒருவராகத் தோளில் சுமந்தவர் செல்லத்துரை முதலாளி. பலசரக்குக் கடை அவருக்குத் தொழில். கலை அவருக்கு உயிர். இரண்டுக்கும் நடுவே கடையின் பின்பக்கத்தில் அவர் எழுப்பியிருந்த மண்டபத்துக்கு ‘பஸார் கலை இலக்கிய மன்றம்’ என்று பெயர். மன்றத்தின் சட்டதிட்டங்களான யாப்பை அவரே எழுதினார். அதில் ‘தேர்தல்’ என்ற சொல் வருமிடம் தவறுதலாக விடுபட்டுப் போனதால், தலைவர் பதவியை அவரே தொடர்ந்து தாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பஸாருக்கு மேலே, மலையிலுள்ள றப்பர்த் தோட்டத்தில் ஒரு படம் எடுத்தார்கள். படத்தின் பெயர் ‘ஈரத்தின் முதுகு’. எடுத்தவர் மதுஷா என்ற கொழும்புப் பெண். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கடைசிக் காம்பராவைத் தம் கதாநாயகியின் வீடாகத் தேர்ந்தெடுத்தார். அங்கே குடியிருந்தவள் றப்பர் மரத்தில் பால் வெட்டும் ஜீவராணி. அவளையே கதாநாயகியாகவும் வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. அதனால் கூரையிலிருந்து எட்டுத் தகரத்தைக் கழற்றினார்கள்.

“ரெண்டு நாள்ல திருப்பி மாட்டிக் குடுத்திருவோம் ஜீவராணி,” என்றார் மதுஷா. மனதாரத்தான் சொன்னார். மறுநாள் மழை வந்தது, மலைப் பாதையில் மண் சரிந்தது, படக்குழு மூட்டை கட்டியது. எட்டுத் தகரமும் எப்படியோ லொறியில் ஏறிவிட்டன. பஸாருக்கு வந்ததும் பாரம் தாங்காத லொறியின் சாரதி, கடைவாசலில் நின்ற செல்லத்துரையைப் பார்த்து, “முதலாளி, மேவா ஓனெத?” என்று சிங்களத்தில் கேட்டான். இதெல்லாம் வேண்டுமா என்று அர்த்தம்.

“ஓனெ,” என்றார் செல்லத்துரை. யாருடையவை என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சாரதி பதில் சொல்லிவிடுவானோ என்ற நாகரிகம்தான் காரணம். மன்றத்தின் கூட்ட அறிக்கையில் இச்சம்பவம், ‘படப்பிடிப்பின் எச்சங்களை மன்றம் பொறுப்பேற்றது’ என்று பதிவாயிற்று. பொறுப்பேற்ற எச்சங்கள் மண்டபத்தின் கூரையாயின. வெளிப்பக்கத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். உட்பக்கத்துக்குப் பெயின்ட் போதவில்லை.

ஜீவராணியின் வீட்டில் நீலப் பொலித்தீன் ஏறியது. காற்று அதைக் கிழிக்கும்போதெல்லாம் அவள் புருஷன் முத்துவீரன் தைத்தான். அரிசி மூட்டை அடுத்த காம்பராவுக்குப் போனது. பிறகு மாமியாரும் அங்கேயே போய்விட்டார். புருஷனும் பெண்சாதியும் ஒழுகாத ஒரு மூலையைக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றார்கள். ஜீவராணி தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கேட்டாள்.

“காத்துல போச்சா?” என்றார் கிளாக்கர்.

“இல்லங்க.”

“மரம் விழுந்துச்சா?”

“படம் புடிச்சாங்கங்க.”

கிளாக்கர் நிவாரணப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். காற்றுக்கும் மரத்துக்கும் நிவாரணம் உண்டு, கலைக்கு இல்லை. “காத்தடிச்சா வாம்மா,” என்று கனிவோடு சொல்லி அனுப்பினார்.

ஒரு வருஷம் கழிந்தது. ‘ஈரத்தின் முதுகு’ ஐரோப்பாவில் ஓர் ஊரில் பரிசு வாங்கியது. அந்த ஊரின் பெயரை மன்றத்தில் எவராலும் உச்சரிக்க முடியவில்லை என்பதிலிருந்தே பரிசின் பெருமை விளங்கியது. படம் பிறந்த மண்ணில் படத்தைக் காட்டுவது மன்றத்தின் ‘வரலாற்றுக் கடமை’ என்று செல்லத்துரை அறிவித்தார். பஸாரில் தொலைபேசி திருத்தும் ஜஸீலின் புரொஜெக்டர் வந்தது. வெள்ளை வேட்டி கட்டினார்கள், சுவரில்தான். கதாநாயகி இல்லாமல் எப்படி என்று ஜீவராணிக்கும் ஆள் அனுப்பினார்கள். அவள் மன்றத்துக்குள் கால் வைத்தது அன்றுதான்.

படம் கண்ணைப் பறித்தது. றப்பர் மரங்களில் சிவப்பு மீன்கள் காய்த்துத் தொங்கின. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் ஒரு வாளி றப்பர்ப் பாலைத் தலையில் ஊற்றிக்கொண்டு சிரித்தார். ஆற்றின் நடுவில் எட்டுப் பேர் ஒரு கட்டிலைச் சுமந்து போனார்கள். கட்டிலில் ஒரு பூசணிக்காய் படுத்திருந்தது. கூரையில்லாத வீட்டில் ஜீவராணி உட்கார்ந்து, மடியில் கண்ணாடியை வைத்து அதில் வானத்தைப் பார்த்தாள். பிறகு கழற்றி வைத்த தகரம் ஒன்று திரை முழுவதும் நிறைந்தது. அதில் ஒரு பச்சைக் கறை. நாலு கால், ஒரு வால், தலையில்லை. அந்தக் கறையைக் கேமரா அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. செல்லத்துரை அந்த இடத்தில்தான் தூங்கினார். அதற்கு முன்னும் தூங்கியிருந்தார் என்பதால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

விளக்கு எரிந்தது. ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவருக்குப் புரிந்துவிட்டதென்று நினைத்து அஞ்சினார்கள். எல்லார் கண்ணும் தலைவர் பக்கம் திரும்பியது. செல்லத்துரை எழுந்தார். கண்ணைத் துடைத்தார், தூக்கத்தைத்தான், ஆனால் பின்வரிசையில் சிலர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

“நாம இந்தப் படத்தைப் பார்க்கல,” என்றார். “இந்தப் படம் நம்மளப் பார்க்குது.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மன்றச் செயலாளர் ஜனார்த்தனன் மாஸ்டர் உடனே எழுந்து, அந்தப் பச்சைக் கறை தலையிழந்த ஒரு சமூகம் என்றும், அது பின்நவீனத்துவம் என்றும் சொன்னார். முன்னால் இருப்பது புரியாவிட்டால் அதற்குப் பின்னால் போய் நின்றுகொள்வது மாஸ்டரின் வழக்கம். கறை நம் சுற்றாடல், அழிந்துவரும் இயற்கை என்றார் இன்னொருவர். ஆடு என்றார் ஜஸீல். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. இவ்வளவு பேரும் மேடையையே பார்த்துக்கொண்டிருக்க, ஜீவராணி மட்டும் தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

வீட்டில் செல்லத்துரையின் மனைவி இராஜம் சோறு போட்டபடி கேட்டாள்: “என்னங்க கதை?”

“கதை கிடையாது. கதையைக் கடந்த படம்.”

“அந்தப் பொம்பள வீட்டுக் கூரைய ஏன் கழட்டினாங்க?”

“அது குறியீடு.”

“மழை பேஞ்சா?”

“உனக்கு ரசனை பத்தாது, ரசத்தை ஊத்து,” என்றார். இராஜம் ஊற்றினாள். ஆனால் அந்தக் கேள்வி ஏனோ செல்லத்துரையின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இரண்டு தரம் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலையில் ஜீவராணி கடைக்கு வந்தாள். மழையில் வந்திருந்தாள். தலைமுடியிலிருந்து சீனி மூட்டையின் பக்கமாகச் சொட்டியது.

“மொதலாளி, எங்க தகரம் எங்க போச்சுன்னு ஒங்களுக்கு ஏதும் தெரியுங்களா?”

செல்லத்துரை தராசை வைத்துவிட்டு நிமிர்ந்தார். இவளுக்குத் தெரிந்திருக்குமோ? முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை. வேறு வழியில்லாதபோது மனிதன் கடவுளை நம்புகிறான். செல்லத்துரை கலையை நம்பினார்.

“ஜீவராணி, அதை வெறும் தகரம்னு நினைக்காத. ஒன் வீட்டக் கூரையோட பார்த்தவன் தெஹியோவிட்டயில நாலு பேரு. கூரையில்லாமப் பார்த்தவன் ஒலகம் முழுக்க. இப்ப அது வீடு இல்ல, படிமம்.”

“சரிங்க. அப்ப கூரை இல்லாம இருக்கறதுதான் ஒசத்திங்களா?”

“சந்தேகமில்லாம.”

“எல்லாருக்குமா, எங்களுக்கு மட்டுமா?”

கடையில் இரண்டு மூன்று பேர் சாமான் வாங்க நின்றார்கள். செல்லத்துரை குரலை உயர்த்தினார். “மனுசகுலத்துக்கே.”

ஜீவராணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். “அத ஞாயித்துக்கெழம மன்றத்துல படத்தப் பத்தி நடக்கற கூட்டத்துலயும் சொல்லுங்க மொதலாளி. படம் புடிச்ச மிஸ்ஸும் வாறாங்களாமே,” என்று சொல்லிவிட்டுப் போனாள். எளிய மக்களுக்கும் கலை போய்ச் சேர்கிறதே என்று செல்லத்துரை நெகிழ்ந்தார். நெகிழ்ச்சி போதாமல் அன்று கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு உரை எழுத உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ‘திறனாய்வு அரங்கு’ கூடியது. வானம் கறுத்திருந்தது. இயக்குநர் மதுஷா கொழும்பிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்தார். மன்றம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. பிறகு கறையைப் பற்றிய விவாதம் விட்ட இடத்தில் தொடங்கியது. முடிவில், பச்சைக் கறையின் பொருள்தான் என்ன என்று இயக்குநரிடமே கேட்டார் ஜனார்த்தனன் மாஸ்டர்.

“நீங்க என்ன ஃபீல் பண்றீங்களோ அதுதான்,” என்றார் மதுஷா. தம் படத்தில் அத்தனை பொருள் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அடுத்து தலைவர் உரை. தலைப்பு: ‘கூரையற்ற மனிதன்’. செல்லத்துரை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“கூரை என்பது என்ன? அது மனிதனுக்கும் வானத்துக்கும் நடுவே நிற்கும் தரகர். தரகரை விலக்குங்கள், வானம் நேரடியாக உங்களிடம் வரும். ‘ஈரத்தின் முதுகு’ நமக்குச் சொல்லும் செய்தி இதுவே.”

கைதட்டல். மதுஷாவும் தட்டினார். அந்தக் கைதட்டலுக்கு மேல், தலைக்கு நேர் மேலே, டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. செல்லத்துரை உரையை நிறுத்தினார்.

“யாரு மேல?”

வாசலில் ஜீவராணி நின்றாள். “எங்க வீட்டுக்காரரும் லயத்து ஆளுங்களுந்தாங்க மொதலாளி. நீங்க பேசுங்க. அவரு சத்தமில்லாமத்தான் கழட்டுவாரு.”

“எதக் கழட்டுறாரு?”

“தரகர.”

ஒரு தகரம் விலகியது. வெளிச்சம் தூண்போல இறங்கி, சரியாகச் செல்லத்துரையின் வழுக்கையில் விழுந்தது. “நிகழ்த்துகலை,” என்று கிசுகிசுத்தார் மாஸ்டர். மதுஷா எழுந்தே விட்டார். கையில் தொலைபேசி உயர்ந்திருந்தது.

“யாரும் அசையாதீங்க, பிளீஸ். சார், அப்படியே நில்லுங்க.”

“மிஸ், அது மன்றத்துச் சொத்து,” என்றார் செல்லத்துரை உதடு அசையாமல்.

“எது?”

“கூரை.”

“இப்பத்தானே சார் கூரை வேணாம்னு பேசினீங்க.”

செல்லத்துரை கையிலிருந்த உரையைப் பார்த்தார். அடுத்த பக்கத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அது மட்டுமா, கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து ஆவலோடு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது தகரம் சரிந்து, உட்பக்கம் வெளிச்சத்தில் திரும்பியது. நாலு கால், ஒரு வால், தலையில்லை. மதுஷாவின் கை மெல்லத் தாழ்ந்தது.

“இது… என் படத்துல வந்த பச்சை.”

“எங்க வீட்டுக்காரரு கோயில் கதவுக்குப் பெயின்ட் அடிச்சிட்டு வந்து பிரஷ்ஷத் தொடச்ச எடம் மிஸ்,” என்றாள் ஜீவராணி.

“படைப்பாளிக்கே தெரியாத அர்த்தங்கள் படைப்பில் இருக்கும்,” என்று மாஸ்டர் அவசரமாகத் தலையிட்டார்.

மதுஷா அவரைக் கவனிக்கவில்லை. “நான் திருப்பிப் போடச் சொன்னேனே ஜீவராணி.”

“சொன்னீங்க மிஸ்.”

மதுஷாவின் கண் கலங்கியது. அப்போது முதல் துளிகள் விழுந்தன. கலங்கிய கண்ணோடு அவர் தொலைபேசியை மறுபடி உயர்த்தி, சற்றே சாய்த்து, மழையையும் படத்துக்குள் சேர்த்துக்கொண்டார்.

எட்டுத் தகரமும் கழன்றன. மழை கொட்டியது. இங்கேதான் பஸாரின் ரசனையை மெச்ச வேண்டும். ஒருவரும் எழவில்லை. எழுந்து ஓடுபவருக்குப் படம் புரியவில்லை என்று ஆகிவிடுமே. ஜஸீல் மட்டும் புரொஜெக்டரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார். அவருக்கு ஆடுதானே தெரிந்தது. மற்றவர்கள் காய்ச்சலுக்குத் தயாராக, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் செல்லத்துரை நின்றார். உரையின் மை வழிந்து வேட்டியில் இறங்கியது. வாசலுக்கு வெளியே, தலைக்கு மேலே தகரத்தைத் தூக்கிப் பிடித்தபடி இருவர் இருவராக லயத்து ஆட்கள் மேட்டுப் பாதையில் ஏறுவது தெரிந்தது. அந்தப் பிரதேசத்தில் அப்போது நனையாதவர்கள் அவர்கள் மட்டும்தான். கடைசியாகப் போன ஜீவராணி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் செல்லத்துரைக்குக் கோபமாவது வந்திருக்கும்.

வீட்டில் இராஜம் துவாயைக் கொடுத்தாள். “அந்தப் புள்ள கேட்டப்பவே குடுத்திருக்கலாமேங்க.”

“நீ படத்தை ஒழுங்காப் பாக்கல,” என்று தும்மினார் செல்லத்துரை.

லயத்தில் இப்போது கடைசிக் காம்பராவுக்கு மட்டும் சிவப்புக் கூரை. மன்றத்து ஆணிகள் போட்ட புது ஓட்டைகளில் கொஞ்சம் ஒழுகத்தான் செய்கிறது. ஆனாலும் மாமியார் திரும்பி வந்துவிட்டார். தொலைபேசியில் பிடித்ததை மதுஷா குறும்படமாக்கி அனுப்பினார். அதற்கும் எங்கோ ஒரு பரிசு கிடைத்தது. அதில் செல்லத்துரை நனைந்தபடி நெடுநேரம் நிற்கும் காட்சியைப் பார்த்து வெளிநாட்டு விமர்சகர் ஒருவர், ‘மனச்சாட்சியின் வடிவம்’ என்று எழுதியிருந்தார். செல்லத்துரை அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். வருபவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்கிறார்.

எத்தனை பெரிய மனிதர். ‘ஈரத்தின் முதுகு’ தமக்குப் புரியவில்லை என்று இன்றுவரை அவர் வாயால் ஒரு சொல் வந்ததில்லை. அந்த எட்டுத் தகரம் யாருடையவை என்று தமக்கு முதல் நாளே புரிந்திருந்தது என்பதையும் அவர் இன்றுவரை சொன்னதில்லை.