சேற்றில் உட்கார்ந்த படகுகள்

அன்பு மிகுந்த மியூரியல் அக்காவுக்குத் தம்பி ரோலண்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் அத்தானும் அவருடைய முழங்காலும் சௌக்கியம்தானே?

என் ஜோன் கண்மூடிய பிறகு நான் தனியாளாகப் படகை ஓட்டிக்கொண்டு கால்வாய்ச் சங்கக் கூட்டத்துக்குப் போனது இதுதான் முதல் தடவை. "ஒத்தையா முடியுமாடா?" என்று நீ கேட்டதற்கு வீறாப்பாக ஆமாம் என்றேன். காலையில் கிளம்பி, கரையில் நாயோடு நடப்பவர்கள் எல்லாம் என்னை முந்திப்போக, தூறலில் நனைந்துகொண்டே, தண்ணீரை நிரப்பிப் படகை மேல்மட்டத்துக்கு ஏற்றிவிடும் கடைசி மதகுக்கு வந்தேன். வாடகைப் படகில் வந்த ஓர் இளம் ஜோடியும் (பையன் பெயர் காலம், பெண் இமோஜன்) என்னோடு மதகுக்குள் நுழைந்தது. அந்தக் கரையில் அவர்கள், இந்தக் கரையில் நான், ஆளுக்கொரு கைப்பிடியைச் சுற்றி, தண்ணீர் உள்ளே வர அவரவர் பக்கத்து மேல் அடைப்பைத் தூக்கினோம். தண்ணீர் நிரம்பி இரண்டு படகும் மேலே வந்தன. அப்போது பார்த்துச் சங்கத்துப் பெரில், "ரோலண்டு, சாசேஜ் ஆறிப்போவுது, சீக்கிரம் வாய்யா!" என்று கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து கூவினாள். ஓடினேன்.

சாப்பாடு, பாட்டு, அரட்டை எல்லாம் அமர்க்களமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் பெரிலின் படகில் தேநீர்க் கெண்டி தானாக நகர்ந்து என் மடியில் கவிழ்ந்தது. துள்ளி எழுந்து பார்த்தால், கட்டியிருந்த படகுகள் அத்தனையும் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. மதகின் கீழ்க்கதவு ஏற்கெனவே ஓட்டை. மேல் அடைப்பையும் யாரோ மூடாமல் வந்ததில் கால்வாய்த் தண்ணீரெல்லாம் போய்விட்டது.

"எந்த மடையன்யா தெறந்து போட்டுட்டு வந்தவன்?" என்று செயலாளர் டெஸ்மண்ட் கத்தினார்.

எல்லோரும் காலம், இமோஜன் பக்கம் திரும்பினார்கள். "வாடகப் படகுக்காரங்கன்னாலே இப்படித்தான்" என்று ஒரு குரல். அக்கா, அது என் குரல்.

அந்தப் பெண்ணின் கண் கலங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் மூடினேனா? எவ்வளவு யோசித்தாலும் சாசேஜ்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எழுந்து, சாய்ந்த தளத்தில் நேராக நிற்கக்கூட முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான்தாங்க மூடாம வந்துட்டேன்" என்றேன். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். பெரில் மட்டும், "பேண்ட்டையாவது மாத்திக்கய்யா" என்றாள்.

இப்போது என் அறைக்குள் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன். படகு சாய்வாக இருப்பதால் எழுத்தும் கோணல். இனி எந்த முகத்தோடு இவர்கள் நடுவில் போய் நிற்பேன்? படகை விற்றுவிடலாம், அத்தானிடம் ஆள் பார்க்கச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும்.

தலைகுனிந்த தம்பி,
ரோலண்ட்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். காலமும் இமோஜனும் கேக்கோடு வந்தார்கள். மதகுக்குப் போய்ப் பார்த்தார்களாம். "உங்க பக்கம் நல்லா மூடித்தான் இருக்கு சார். தெறந்து கெடந்தது எங்களுது. எங்களுக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்களே! எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம்" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்னஞ்சிறுசுங்க, மனசு ஒடஞ்சிரக் கூடாதேன்னுதாம்மா" என்று என் வாய் சொல்லிவிட்டது அக்கா. கேக்கையும் வாங்கிக்கொண்டேன். வெளியே பெரில் என்னைப் பற்றி உருகிப் பேசுவது காதில் விழுகிறது. படகை விற்க வேண்டாம். அத்தானிடம் மேலே உள்ளதை விட்டுவிட்டு இந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டு. வாய் சொன்னதையும் விட்டுவிடு.