மருத மரத்தடி ஊற்று

"நாளைக்குக் காலையில துரை குடும்பத்தோட வராரு. நீ தண்ணி மொள்ற ஊத்தைப் பார்க்கணுமாம்," என்றாள் ரோசி.

தோணியை விட்டு இறங்கப்போன மாசிலாமணி மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

ரோசி பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் ஒல்லாந்துக் கோட்டையில் கிடங்குத் துரை வீட்டுச் சமையற்காரி. இரண்டு குழந்தைகளை அடுத்தடுத்துப் புதைத்துவிட்டுத் துரைசானி படுத்த படுக்கையானபோது, "கோட்டைக் கிணற்று நீர்தான் நோய்க்குக் காரணம், ஆற்று ஊற்று நீர் மட்டும் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார் வைத்தியர். ஏரியைக் கடந்து ஆரணியாற்றுக்குள் போய், மருத மரத்தடி ஊற்றில் குடம் நிரப்பிவரும் வேலை மாசிலாமணிக்கு வந்தது. மூன்று நாள் ஒழுங்காகப் போனான். நான்காம் நாள் எதிர்க்காற்று. தன் ஊரான பசியாவரத்திலேயே, குடிசைக்குப் பின்னால் மணலைத் தோண்டி, ஊறியதை மொண்டு கொடுத்தான். அந்த வாரமே துரைசானி எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் அவன் எதற்கு ஆற்றுக்குப் போவான்? ஆறு மாதம் ஓடிவிட்டது.

"காத்து சரியில்லைனு சொல்லேன், ரோசிம்மா."

"சொல்லிப் பார்த்தேன். அப்படின்னா நாலு நாள் கழிச்சு, வைத்தியரையும் கூட்டிக்கினு போலாம்னாரு."

"ஐயோ வேணாம்! நாளைக்கே போலாம்."

அவன் மனைவி அம்மணிதான் தைரியம் சொன்னாள். "எந்த மரம்னு அவங்களுக்கு இன்னா தெரியும்? ஏதோ ஒண்ணைக் காட்டுய்யா. நானும் வரேன்."

விடிந்ததும் தோணி புறப்பட்டது. துரை பேச்சை எடுத்துச் சொல்ல ரோசியும் ஏறிக்கொண்டாள். துரையும் அவருடைய இரண்டு மகள்களும் உற்சாகமாக இருந்தார்கள். கறுப்பு உடையில் துரைசானி மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்த பெண் வழியெல்லாம் விரலை நனைத்து நக்கி, உப்பு எங்கே குறைகிறது என்று அப்பாவுக்குச் சொல்லிவந்தாள். துரை அதைத் தாளில் குறித்துக்கொண்டார். அந்த நாக்கைப் பார்த்ததும் மாசிலாமணி தோணியின் வேகத்தைக் குறைத்தான்.

ஆற்று வாயில் மணல்திட்டு தட்டியது. திரும்பிவிடலாம் என்று அவன் வாயெடுப்பதற்குள் துரை காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கித் தள்ள ஆரம்பித்தார்.

உள்ளே போனால் மருத மரத்தையே காணோம். ஐப்பசி வெள்ளம் வேரோடு கொண்டுபோயிருந்தது. மாசிலாமணி பதறிப்போய் அடுத்து நின்ற மரத்தைக் காட்டினான்.

"அது இலுப்பைய்யா," என்றாள் அம்மணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மருதம்னு சொன்னியேனு துரை கேக்கறாரு," என்றாள் ரோசி.

"மரத்துக்கில்ல. ஊத்துக்குத்தான் மருதம்னு பேரு."

ரோசி சிரிக்காமல் அதை அவர்கள் மொழியில் சொன்னாள்.

இலுப்பையடியில் வெறும் மணல். "தினம் மொள்ற ஊத்து எங்கேனு கேக்கறாரு."

"ராத்திரிக் காத்துல மூடிக்கினு கீது."

அம்மணி முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். சேற்றில் இறால் தடவிப் பழகிய கை. முழங்கை ஆழம் போனதும் தண்ணீர் சுரந்தது. தெளியவிட்டுக் கொட்டாங்குச்சியில் மொண்டு கொடுத்தாள். மூத்த பெண் குடித்தாள். ஏதோ சொன்னாள். ரோசி அதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினாள்.

"வூட்டுல குடிக்கிறது லேசாக் கரிக்குமாம். இது கரிக்கலயாம்."

"கொ... கொடத்துல வச்சா அப்படித்தான்," என்றான் மாசிலாமணி.

அதற்குள் துரைசானி மணலில் மண்டியிட்டுவிட்டாள். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். கண்ணை மூடி நெடுநேரம் வேண்டிக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே பேசினாள்.

"நீ தினம் இவ்ளோ தூரம் வரலேன்னா, அம்மாவும் அந்தப் புள்ளைங்க பக்கத்துல படுத்திருப்பாங்களாம். உன் புள்ளகுட்டி நல்லா இருக்கணும்னு கும்புட்டாங்களாம்," என்றாள் ரோசி.

மாசிலாமணியால் தாங்க முடியவில்லை. அம்மணி தடுப்பதற்குள் துரைசானி காலில் விழுந்தான்.

"ரோசிம்மா, உள்ளதைச் சொல்லிடு! மூணு நாளைக்கு அப்பால நான் இங்க வந்ததே இல்ல. அவங்க குடிச்சது என் குடிசைக்குப் பின்னால தோண்டின குழித் தண்ணி. துரை என்னைக் கோட்டையில அடைக்கட்டும். இந்தக் கும்புடு எனக்கு வேணாம்."

ரோசியின் முகம் வெளிறியது. துரையையும் துரைசானியையும் பார்த்தாள். பிறகு மளமளவென்று அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். துரை குனிந்து அவனைத் தூக்கி நிறுத்தினார். தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்து, தோளைத் தட்டிக்கொடுத்தார். பெண்கள் கை தட்டினார்கள்.

மாசிலாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா சொன்ன? உள்ளதைத்தானே சொன்ன?"

ரோசி அவன் தொப்பியைச் சரிசெய்வதுபோல் காதருகே குனிந்தாள்.

"வாய மூடுண்ணே! நாலாம் நாளே உன் தண்ணி கவிச்சி அடிச்சுதுனு வாத்துக்கு ஊத்திட்டேன். ஆறு மாசமா அம்மா குடிக்கிறது கோட்டைக் கெணத்துத் தண்ணி."