ஒரு குடம் தெள்ளொலி

மனித குலம் நெருப்பைக் கண்டது. சக்கரத்தைக் கண்டது. பிறகு நெடுங்காலம் இளைப்பாறிவிட்டு, பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் 'தெள்ளொலி' சமுதாய வானொலி நிலையத்தைக் கண்டது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறைச் சமாசாரம் என்பது நிலைய இயக்குநர் அனந்தபத்மநாபனின் கருத்து. அதை மறுத்துப் பேசியவர் எவரும் இப்போது அங்கே வேலையில் இல்லை.

பாக்கியராஜ் வேலையில் இருந்தான். தங்கவயல்காரன். ஆறு வருஷமாகத் 'தற்காலிக' ஒலிப் பொறியாளன். அவனுடைய திருப்பணி ஒன்றே ஒன்று: இரைச்சலை நீக்குவது. எது இரைச்சல் என்பதை இயக்குநர் ஒரு சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருந்தார். மின்விசிறி, ஆட்டோ ஹாரன், இருமல், மற்றும் 'நேயர் நேரம்' நிகழ்ச்சிக்குப் போன் போட்டு "எங்க தெருவுல தண்ணி வரலீங்க" என்பவர்கள். அப்படி யாராவது ஆரம்பித்தால் பாக்கியராஜ் விசையைக் கீழே இறக்கிவிட்டுப் புல்லாங்குழலைத் தட்டிவிட வேண்டும். 'இரைச்சல் நீக்கப் பதிவேடு' என்று தடியாக ஒரு நோட்டு இருந்தது. மார்ச் மாதத்தில் மட்டும் நாற்பத்தொரு இரைச்சல்களை அவன் நீக்கியிருந்தான். பாட்டு மட்டும் அடுத்த தெருவரை பளிங்கு மாதிரி கேட்டது.

அந்த மார்ச்சில்தான் 'எஃப்.எம். வரலாற்றுப் பெருவிழா' நடத்துவதென்று முடிவானது. ஆலோசனைக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது.

"தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி," என்றார் அனந்தபத்மநாபன், "ரேடியோன்னா ஒரே கொரகொரப்பு. வானத்துல மின்னல் வெட்டினா பாட்டுலயும் வெட்டும். அப்போ ஆம்ஸ்ட்ராங்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர், அலையோட உயரத்த ஆட்டாதே, அது எத்தன தடவ அதிருதுங்கறத மாத்துன்னார். கொரகொரப்பு போச்சு! நியூயார்க்ல பெரிய பெரிய இன்ஜினியர்கள உக்காரவெச்சு என்ன காட்டினார் தெரியுமா? காகிதத்தக் கசக்கினார். கிளாஸ்ல தண்ணி ஊத்தினார். ரேடியோவுல தண்ணி தண்ணியாவே கேட்டுச்சு!"

"அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று கேட்டாள் அறிவிப்பாளர் மங்களம்.

"பெரிய கம்பெனியோட மோதினார். கேஸு கேஸுன்னு நொந்துபோனார். இதுலேருந்து என்ன தெரியுது? கண்டுபிடிக்கலாம், தப்பில்ல. மேலிடத்த அனுசரிச்சுக் கண்டுபிடிக்கணும்."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அதே நிகழ்ச்சியை நேரலையில் மறுபடி நடத்திக் காட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. கசக்கக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் வரவில்லை என்று நேயர்கள் எழுதிய கடிதங்கள் ஒரு மூட்டை கிடந்தன. தண்ணீரை எதில் ஊற்றுவது என்பதில்தான் விவாதம்.

"அவங்க கிளாஸ்லதானே சார் ஊத்துனாங்க?" என்றாள் மங்களம்.

"அது அமெரிக்கா. கஞ்சத்தனம். நம்ம பெருமைக்குக் குடம்! காலிப் பிளாஸ்டிக் குடத்துல மேலேருந்து ஊத்துங்க. எப்படி முழங்குது பாருங்க."

"தண்ணிக்கு எங்க சார் போறது?" என்றான் பாக்கியராஜ்.

கூட்டத்தில் அப்படியொரு நிசப்தம். நிலையத்தின் வரலாற்றிலேயே தூய்மையான நிசப்தம் அதுதான். கட்டடத்தின் போர்வெல் வறண்டு ஒரு மாசமாகிறது. தெருவுக்கு டேங்கர் வந்து ஒன்பது நாளாகிறது.

அனந்தபத்மநாபன் ஒரு கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். பாக்கியராஜின் நிரந்தர நியமன ஆணை. கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

"தண்ணி உங்க பொறுப்பு. ஒரு துளி இரைச்சல் இல்லாம நிகழ்ச்சி முடியணும். முடிஞ்சா மேடையிலயே கையெழுத்து."

வீட்டில் ஒரே ஒரு குடம் தண்ணீர் இருந்தது. அவன் மனைவி பிரிசில்லா அதன்மேல் தட்டு மூடி, தட்டின்மேல் அம்மிக் குழவியை ஏற்றி வைத்திருந்தாள்.

"கைய வெச்சீங்க, அவ்ளோதான்," என்றாள்.

"பர்மனென்ட் ஆவுது பிரிசில்லா! ஆறு வருஷம்! ஒரு கொடத்துலேருந்து இன்னொரு கொடத்துல ஊத்தறேன். சத்தம் அவங்களுக்கு. தண்ணி நமக்கு. அப்டியே திருப்பி எடுத்தாந்துடறேன்."

பிரிசில்லா யோசித்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"ஒரு சொட்டு கொறையக் கூடாது. கொறஞ்சுதுன்னா ராத்திரிக்குச் சோறு கெடையாது, சொல்ட்டேன்."

விழாவுக்கு வார்டு 'குடிநீர் நல்வாழ்வுப் பிரிவு' உதவிப் பொறியாளர் பெருமாள்சாமி தலைமை தாங்கினார். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்ததோடு நில்லாமல் எஃப்.எம்.மையும் கண்டுபிடித்ததை வியந்து பாராட்டினார். அது வேறு ஆம்ஸ்ட்ராங் என்று சொல்ல மங்களம் வாயெடுத்தாள். மேலிடம் என்பதால் மூடிக்கொண்டாள். கடிதங்கள் கசக்கப்பட்டன. நொறுநொறுவென்று அருமையாகக் கேட்டது. சரியாகப் பதினொன்று பத்துக்குப் பாக்கியராஜ் குடத்தைத் தூக்கி, மைக்குக்கு அடியில் இருந்த காலிக் குடத்தில் மெல்லமெல்லச் சாய்த்தான்.

இங்கே நிலையமும் பாக்கியராஜின் வீடும் இருந்த அந்தத் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே பொதுக் குழாயை யாரும் மூடுவதில்லை. திறந்தே விட்டு, அடியில் காலிக் குடம் வைத்துவிடுவார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று அரசாங்கம் சொல்லாது, குடம்தான் சொல்லும். அந்தத் தெருப் பெண்களுக்குப் பக்கத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. காலிக் குடத்தின் அடியில் தண்ணீர் விழுந்தால் மூன்று தெரு தள்ளியும் கேட்கும்.

குழாயை ஒட்டி ஓர் இஸ்திரி வண்டி. வண்டியில் ஒரு ரேடியோ. ரேடியோவில் தெள்ளொலி.

முதலில் எழுந்தவள் எதிர்வீட்டுச் சந்திரம்மா. "நீரு பந்த்து! நீரு பந்த்து!" என்று கன்னடத்தில் அலறிக்கொண்டே ஓடினாள். தண்ணீர் வந்துவிட்டது என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அந்தத் தெருவுக்குப் புரியும். குடம், பக்கெட், குக்கர், குழந்தையைக் குளிப்பாட்டும் டப்பு எல்லாம் ஓடின. பிரிசில்லாவும் ஓடினாள். கூட்டம் ஓடும்போது யோசனை யாருக்கு வரும்? ஆறாவது ஆளாக வரிசையில் இடமும் பிடித்துவிட்டாள்.

குழாயில் காற்றுகூட வரவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. சந்திரம்மா குழாயைக் குலுக்கிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், கடைசியில் இஸ்திரி வண்டியைப் பார்த்தாள். பிரிசில்லாவுக்குச் சுரீரென்றது.

"அடக் கடவுளே! இது எங்க ஊட்டுத் தண்ணி!"

அடுத்த நிமிஷம் அத்தனை குடமும் தெள்ளொலியின் மாடிப்படியில் ஏறியது. பெருமாள்சாமி நன்றியுரைக்கு நடுவே குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்திருந்தார். "ஆஹா, தித்திப்பு!" என்று இன்னொன்றும் குடித்தார். மூன்றாவதில் கை கழுவினார். மிச்சத்தை அனந்தபத்மநாபன் பக்தியோடு நிலையத்து மணிப்பிளான்ட் செடிக்கு ஊற்றினார். அது வாடிக்கிடந்தது, பாவம்.

ஊற்றி முடித்துத் திரும்பி, ஒலிக்கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விசைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பாக்கியராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து தடுத்திருக்கலாம். நேரலையில் நாற்காலி கிறீச்சிடும். அது இரைச்சல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவைத் தள்ளிக்கொண்டு பிரிசில்லா உள்ளே வந்தாள். நேயர்களுக்கான மைக் திறந்தே இருந்தது.

"ஒம்போது நாளாச்சு," என்றாள் மைக்கில். "எங்க தெருவுல..."

குரல் அத்தனை சுத்தமாகப் போனது. ஆம்ஸ்ட்ராங் கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பார். அனந்தபத்மநாபன் ஒரு கையில் ஆணையையும் மறு கையில் பேனாவையும் தூக்கிக் காட்டினார். பேனா கீழ்நோக்கி அசைந்தது. அதன் பொருள் பாக்கியராஜுக்கு ஆறு வருஷமாகத் தெரியும்.

விரல் பழகிய விரல். விசை இறங்கியது. புல்லாங்குழல் எழுந்தது.

கண்ணாடிக்கு அப்பால் பிரிசில்லாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவள் அவனைத்தான் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் காதில் குழல் மட்டும் கேட்டது. எழுந்து ஓடிவிடலாம் போல அவமானமாக இருந்தது. ஆனாலும் பதிவேட்டைத் திறந்து, நாற்பத்திரண்டு என்று எழுதினான்.

கையெழுத்து ஆயிற்று. கைதட்டல் ஆயிற்று. கூட்டத்தைக் கீழே அனுப்பியும் ஆயிற்று. பெருமாள்சாமி அங்கேயே ஓர் அறிக்கை எழுதினார்: 'இன்று காலை 11.10 மணிக்கு இப்பகுதியில் தண்ணீர் விழுந்ததைப் பொதுமக்கள் காதாரக் கேட்டு, குடங்களுடன் திரளாக வந்துள்ளனர். எனவே நிலுவையில் உள்ள புகார்கள் அனைத்தும் திருப்திகரமாக முடித்துவைக்கப்படுகின்றன.' அந்தத் தண்ணீர் ஒலியை மக்கள் நலன் கருதித் தினமும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மறுஒலிபரப்பு செய்ய வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். தொழில்நுட்பம் கடைக்கோடி மனிதனை எட்டிவிட்டது.

மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் பாக்கியராஜ் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் ஆணை, மறு கையில் காலிக் குடம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது.

திட்டு விழும் என்று காத்திருந்தான். பிரிசில்லா கையை நீட்டினாள். ஆணையை வாங்கிக் கடைசி வரிவரை படித்தாள். மடித்து பைபிளுக்குள் வைத்தாள்.

"பிரிசில்லா, கொஞ்சம் தண்ணி..." என்றான்.

அவள் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். காலி டம்ளர். பக்கத்தில் ரேடியோவை வைத்துத் திருகினாள். மணி ஆறு, மாலை மறுஒலிபரப்பு நேரம். களகளவென்று தண்ணீர் விழுந்தது.

"குடிங்க," என்றாள் பிரிசில்லா. "நம்ம தண்ணிதான். துளி இரைச்சல் இல்ல பாருங்க."