மணல்வெளிப் பல்லிகள்

சில்வெஸ்டரின் கண்ணில் அன்றைக்கும் ஒரு பல்லிகூடப் படவில்லை.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்தின் ஓரத்தில், சாம்பல் நிறப் புல்லும் பாசியும் மட்டுமே பிடித்து வளரும் வறண்ட மணல்வெளி அது. இயற்கைப் பாதுகாப்புக் குழு ஒன்று அங்கே செடிகளையும் சிறு பிராணிகளையும் கணக்கெடுத்து வந்தது. அதில் ஒரு துண்டு நிலம் அவருடைய மனைவி பிளோறன்ஸின் பொறுப்பு. தொழிற்சாலை வேலை போய், அவர் வீட்டில் யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடந்த காலத்தில், சனிக்கிழமைகளில் அவரையும் இழுத்துக்கொண்டு போவாள்.

"இஞ்ச ஓடி வாங்கோ, பாருங்கோ" என்பாள். பச்சை விலாவோடு ஒரு பல்லி மணலில் ஓடும். அவர் தன்னை மறந்து சிரித்துவிடுவார்.

மாசியில் பிளோறன்ஸ் புற்றுநோயில் போய்விட்டாள். அவளுடைய துண்டை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். செடிகளின் பெயர்களை எப்படியோ பாடமாக்கினார். பல்லிதான் அகப்படவில்லை. பல்லி இல்லாத துண்டைக் கைவிட்டுவிடலாம் என்று குழுத் தலைவி யூலியா சொன்னதும், பதற்றத்தில், நேற்றுத்தான் ஒன்றைக் கண்டதாகச் சொல்லிவிட்டார்.

யூலியாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. அடுத்த நாளே கமராவோடு வருவதாகச் சொன்னாள்.

விடிந்ததும் சில்வெஸ்டர் சோற்றுப் பெட்டியோடு ரயில் நிலையத்துக்குப் போனார். பாவிப்பில் இல்லாமல் துருப்பிடித்துக் கிடந்த தண்டவாளமொன்றின் கற்களுக்கிடையே பல்லிகள் திரிந்தன. முழங்காலில் நின்று பாய்ந்து பாய்ந்து ஒன்றைப் பிடித்தார். அங்கே துப்புரவு வேலை செய்யும் சோதிலிங்கம் ஒன்றும் கேட்காமல் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கொண்டுபோய் விட்ட பல்லி, யூலியா கமராவைத் திறப்பதற்குள் பக்கத்துத் துண்டுக்கு ஓடிவிட்டது. ஆகவே அடுத்த முறை நிறையக் கொண்டுபோனார். அதில் ஒன்று சினைப்பல்லி. அது மணலைத் தோண்டி முட்டையிட்டுவிட்டது.

முட்டையைக் கண்ட யூலியா கண்கலங்கினாள். அரிய உயிரினம் இனப்பெருக்கம் செய்யும் இடம் என்று துண்டைச் சுற்றி வேலி போட வைத்தாள். கணக்கெடுப்பவர்கள் உட்பட யாரும் இனி உள்ளே போகக் கூடாது. பிளோறன்ஸ் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பாள் என்று சொல்லி அவர் கையில் ஒரு துண்டு கேக்கையும் வைத்தாள்.

கேக்கோடு வேலிக்கு வெளியே வெகுநேரம் நின்றார். பிறகு வீட்டுக்குப் போக மனமில்லாமல் ரயில் நிலையத்துக்குப் போய், வாங்குப் பலகையில் அமர்ந்து, சோதிலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அவவோட போய் வந்த இடம் அது ஒண்டுதான், தம்பி. அதையும் நானே பூட்டிப்போட்டன்."

சோதிலிங்கம் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தான்.

"சொல்ல வேண்டாமெண்டு பிளோறன்ஸ் அக்கா கேட்டவ, அண்ணை. அந்த மணல்ல ஒருநாளும் பல்லி இருந்ததில்லை. அவவும் இஞ்சதான் வந்து பிடிச்சுக்கொண்டு போறவ, நீங்கள் ஒருக்காச் சிரிக்கோணும் எண்டு."