ஆறட்டும் அண்ணனும் சூடான பானெட்டும்

திண்டிவனத்தில் பழைய கார் விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, ஆறட்டும் அண்ணன் இருக்கிறார். அவர் தலையசைக்காமல் இந்த ஊரில் ஒரு பழைய கார் கைமாற முடியாது. மீறி மாறியிருந்தால், அது இந்நேரம் ஏதாவது ஒரு புளியமரத்தடியில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும் என்பது அவருடைய கட்சி.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தொழில், மல்லாட்டை மண்டி; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். கார் பார்த்துச் சொல்வது சும்மா செய்கிற பைத்தியம். சொந்தமாக ஒரு மொபெட்தான் உண்டு. ஏன் அண்ணே, நீங்கள் ஒரு கார் வாங்கக் கூடாதா என்று கேட்டால், "எனக்கு எந்த வண்டியும் பாஸ் ஆவல சார்" என்பார். இதில் பெரிய கூத்து, மனிதருக்குக் கார் ஓட்டவே தெரியாது.

நானும் நீங்களும் பழைய கார் பார்க்கப் போனால் பெயின்டைப் பார்ப்போம், சீட்டில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம். அண்ணன் நேராகப் போய் பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். சுட்டால், "ஆறட்டும்" என்று ஒரே வார்த்தை. பிறகு நிழல் பார்த்து உட்கார்ந்து, பையிலிருந்து மல்லாட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்துவிடுவார். ஓடிச் சூடான இன்ஜினை யார் வேண்டுமானாலும் கிளப்பலாமாம். தினமும் ஓட்டப் போகிறவனுக்கு, ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்துவிட்டுக் காலையில் மறுபேச்சில்லாமல் எழுந்திருக்கிற வண்டிதான் வேண்டுமாம். ஆள் வருவதற்கு முன்பே கிளப்பிச் சூடேற்றி வைக்கிறவன் எதையோ மறைக்கிறான், அவ்வளவுதான்.

கெடார் என்கிற ஊரில் ஒருவர் சாமர்த்தியமாக பானெட்டின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவைத்தார். ஈரம் ஏது என்று அண்ணன் கேட்க, காலையில் மழைங்க என்றார் அவர். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அண்ணன் பையிலிருந்து மல்லாட்டையை எடுத்தார். அந்த ஈரம் காய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோய், கையை உள்ளே விட்டு இன்ஜினையே தொட்டார், சுட்டது; அந்த வண்டி பாஸ் ஆகவில்லை.

ஆறிய வண்டிக்கும் தப்பிக்க வழி கிடையாது. துணியில் சுற்றிய காந்தம் ஒன்று வைத்திருப்பார். கதவு, மட்கார்டு என்று எல்லா இடத்திலும் அதை இழுப்பார். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய வெறும் பட்டி. "இது காரு இல்ல சார், கொலு பொம்ம" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். வண்டிக்குள் விரித்திருக்கும் மிதியடியைத் தூக்கி மோந்து பார்ப்பார், மழைத் தண்ணீர் இறங்கியிருந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் சேசிஸைக் குத்துவார். லைட்டு, வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடச் சொல்லி, ஒயரிங்கில் புகைகிறதா என்று பார்ப்பார். கடைசியில் வாங்குகிறவனைப் பிடிப்பார். கிளட்ச் பிளேட் போனால் எந்த ஊரில் போய் வாங்குவாய், எந்த மெக்கானிக் மாட்டுவான்? விழித்தால், உனக்கு பஸ்தான் லாயக்கு என்று அனுப்பிவிடுவார்.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன், பதிலைத் தெரிந்துகொண்டுதான் மறுபடி அவரிடம் போனேன். குடியிருப்பது திண்டிவனம், வாத்தியார் வேலை விழுப்புரத்தில். நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் தொங்கித் தொங்கித் தோள்பட்டை இறங்கிவிட்டது. வாங்கினால் ஹெரால்டு என்கிற அந்தக் காலத்துக் கார்தான் வாங்குவேன் என்று எனக்கு ஒரு வெறி. பைபாஸில் ஒரே ஒரு நாள் நின்றாலும் மறுநாளே காயலான் கடைதான் என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே அண்ணன் பாஸ் போட்டால்தான் எனக்குக் கார்.

கோட்டக்குப்பத்தில் சலீம் பாய் வீட்டில் ஒரு வெள்ளை ஹெரால்டு இருப்பதாகத் தகவல் வந்தது. அவருடைய அத்தா, அதாவது அப்பா, ஓட்டிய வண்டி. அத்தா மௌத்தாகி, அடக்கம் நடந்து சில மாதம் ஆகியிருந்தது. பாய் அந்த மாதக் கடைசியில் துபாய்க்குத் திரும்புகிறார், அதற்குள் விற்றாக வேண்டும். ஆனால் தினமும் ஓட்டுகிறவனுக்குத்தான் தருவாராம். தோட்டத்தில் நிறுத்தி உள்ளே பூச்செடி வைக்கிறேன் என்று வந்த ரிசார்ட்காரரைத் துரத்திவிட்டிருந்தார்.

கடலோரத்து வண்டி, உப்புக்காற்றில் அடியெல்லாம் சல்லடையாகத்தான் இருக்கும் என்று வழி நெடுக அண்ணன் சொல்லிக்கொண்டு வந்தார். வருகிறோம் என்று பாயிடம் முன்பே சொல்லிவிட்டுப் போனதால் பானெட் சுட்டது. ஆறட்டும் என்று மற்றதைப் பார்த்தார். காந்தம் போன இடமெல்லாம் ஒட்டியது. அடியில் படுத்தவர் முகமெல்லாம் கறுப்பாக வெளியே வந்தார். அத்தா வருஷா வருஷம் மழைக்கு முன்னால் சேசிஸுக்குப் பழைய ஆயில் பூசியிருக்கிறார், துரு பக்கத்திலேயே வரவில்லை. எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் இன்ஜின் ஆறுவதற்குள் பாய்க்கு பாஸ்போர்ட் வேலையாக வெளியே கிளம்ப வேண்டி வந்துவிட்டது.

அடுத்த முறை சொல்லாமல் போனோம். காலை ஏழு மணி. பானெட் சுட்டது. அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க போன் பண்ணிட்டீங்களா சார்?" என்றார். சத்தியம் செய்தேன். நம்பவில்லை.

மூன்றாவது முறை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கோழி கூப்பிடுவதற்கு முன் வந்து கதவைத் தட்டினார். ஜல்தியா கிளம்புங்க என்றார். மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, குளிரில் பல் தந்தியடிக்கப் போனேன். பாய் வீட்டு வாசலில் இறங்கும்போதே இன்ஜின் சத்தம் கேட்டது. தொழுகை முடித்த தொப்பியோடு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் பாய்.

"இன்னா பாய், தெனமும் சூடு பண்ணிக்கினுதான் இருக்கீங்களா?" என்றார் அண்ணன்.

பாய் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். அவருக்கு இருபது வருஷமாகத் துபாயில் வேலை. தினமும் காலையில் தொழுதுவிட்டு அத்தா போன் பண்ணுவாராம். பேசி முடித்ததும் வண்டியைக் கிளப்பி, பானெட் பக்கத்தில் போனைப் பிடிப்பாராம்.

"வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அத்தா வாயால சொன்னா நான் நம்ப மாட்டேங்க. இந்த சத்தத்த கேட்டாத்தான் நிம்மதி" என்றார். "அவரு போனப்புறம் நாந்தான் கெளப்பிக்கினு இருக்கேன். நான் போய்ட்டா யார் கெளப்புவாங்க? நின்னா செத்துடும்."

அண்ணன் இளகிவிடுவார், இப்போதே பாஸ் போட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவராவது இளகுவதாவது! பானெட்டில் கையை வைத்தார், "ஆறட்டும்" என்றார். படியில் போய் உட்கார்ந்தார். ஆனால் அன்றைக்கு பாயையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஒரு கை மல்லாட்டையை அவரிடம் கொடுத்தார். அத்தா எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

பாய் பேச ஆரம்பித்தார். இட்லி வந்தது, டீ வந்தது. அடக்கத்துக்குக்கூட விமானம் கிடைக்காமல் மறுநாள்தான் வந்து சேர்ந்தேன் என்று சொல்லும்போது அழுதார்.  பத்து மணிக்கு நான் போய் வண்டியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. வந்து சொன்னேன்.

"இன்னும் இல்ல சார்" என்றார் அண்ணன். எழுந்து போய்த் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானச் சாப்பாடும் அங்கேயே ஆனது. சாயங்காலம் பாய் ஏதோ பழைய கதை சொல்லித் தானே சிரித்தார். அப்புறம்தான் அண்ணன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். சாவியை என்னிடம் கொடுக்கச் சொன்னார். முதல் திருப்பலில் இருமிவிட்டு அடங்கியது. சோக் குமிழைப் பாதி இழுக்கச் சொன்னார் பாய். இரண்டாவது திருப்பலில் பிடித்துக்கொண்டது. அண்ணன் பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பாஸ்."

வண்டி இப்போது என் வீட்டில். தினமும் அதில்தான் விழுப்புரம் போகிறேன், இதுவரை வழியில் நின்றதில்லை. பாய் துபாயில். காலையில் நான் சாவியைத் திருப்பும் நேரத்துக்கு அண்ணன் மொபெட்டில் வந்துவிடுவார். பாய்க்கு போன் போட்டு பானெட் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். ஸ்கூல் பெல் அடித்துவிடும் அண்ணே என்றால், "கொஞ்சம் ஓடட்டும் சார், அவரு கேட்டுக்கினு இருக்காரு" என்பார். பள்ளிக்கூடத்தில் எனக்கு நேரத்துக்கு வராத வாத்தியார் என்று பெயர் விழுந்துவிட்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் கூட்டம் என்று ஹெட்மாஸ்டரிடம் தினம் ஒரு பொய் சொல்வேனே தவிர, அந்த மனிதரை அவசரப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.