கோபத்தை அடக்கிய இருபதாம் நாள்

நான் கோபக்காரன். வாழ்நாளில் இருபது நாட்கள் மட்டும் அப்படி இருக்கவில்லை. அந்த இருபது நாட்களை நினைத்தால்தான் இன்னும் கூடுதலாகக் கோபம் வருகிறது.

நான் வேலை செய்யும் கந்தோரில் ஆளுமை விருத்தி வகுப்பு ஒன்று வைத்தார்கள். கழுத்துப்பட்டி கட்டி வந்த பயிற்றுநர் (மன்னார் வெயிலில்!), "கோபம் வந்தால் அசையாதீர்கள். கண்ணை மூடிப் பத்து எண்ணுங்கள். இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் நீங்கள் வேறு மனிதர்" என்றார். நம்பினேன். ஆனால் ஐந்து எண்ணுவதற்குள் எண்கள் மீதே எனக்குக் கோபம் வந்தது.

"எண்ணாதேங்கோ. செபமாலையில ஒரு பத்து சொல்லுங்கோ" என்றாள் மனைவி ஜெசிந்தா.

பத்து 'அருள் நிறைந்த மரியே' முடிவதற்குள் யார் மீது கோபம் என்பதே மறந்துபோகும். பத்தொன்பது நாட்கள் ஒருவரையும் ஏசவில்லை. (நான் செபம் முடிக்கும்வரை என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள்தான் பாவம்.)

இருபதாம் நாள் காலை, மகள் அனிற்றாவுக்கு ஆசிரியப் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை. உயர்தரச் சான்றிதழின் மூலப்பிரதி இல்லாமல் வரக்கூடாது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அதற்காகவே நான் இரண்டு கிழமை நித்திரை கொள்ளவில்லை. அவளோ அதைக் கோப்போடு விறாந்தைக் கதிரையில் போட்டாள். தெருப் படலையை ஆவென்று திறந்தபடி விட்டுவிட்டுச் சேலை கட்ட உள்ளே ஓடினாள்.

மன்னாரில் படலையைத் திறந்து வைப்பது தெருக் கழுதைகளுக்கு அழைப்பிதழ் கொடுப்பது மாதிரி. கடதாசியைக் கண்டால் அவை விடா. எதிரே உட்கார்ந்திருந்த எனக்குச் சுர்ரென்று ஏறியது. கத்த வாயைத் திறந்தேன். இருபதாம் நாளல்லவா? வாயை மூடினேன். கண்ணையும் மூடினேன். (நானே எழுந்துபோய்ச் சாத்தியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.)

ஏழாவது செபத்தில் கடதாசி சரசரத்தது. மகள் கோப்பைச் சரிபார்க்கிறாளாக்கும் என்று எட்டாவதற்குப் போனேன். பத்தையும் முடித்துக் கண்ணைத் திறந்தால், கதிரைக்கு முன்னால் ஒரு கழுதை. அதன் வாயோரத்தில் அரசாங்க முத்திரை.

"ஐயோ அப்பா! பாத்துக்கொண்டோ இருந்தனீங்கள்?" மகள் அழுதாள்.

"கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருந்தனான்!"

"வாயையுமோ?" என்றாள் ஜெசிந்தா. "மற்ற நாளில நாலு வீட்டுக்குக் கேக்குமே!"

மிஞ்சிய பாதியோடு மகள் நேர்முகப் பரீட்சை அறைக்குள் போக, நான் வாசலில் நின்றேன். பிள்ளையின் பதின்மூன்று வருடப் படிப்பை நான் பத்துச் செபத்தில் முடித்துவிட்டேனே! உள்ளே பெரிய சிரிப்புச் சத்தம். மகள் கழுதைக் கதையைச் சொல்லிவிட்டாள். புதுப் பிரதி கொண்டுவர ஒரு கிழமை தவணை கொடுத்தார்கள். அவள் தெரிவாகியும் விட்டாள்.

நான்தான் தப்பவில்லை. தேவாலயத்துப் பங்குச் சுவாமியார்கூட, "அந்தப் பத்தை ஆருக்கு ஒப்புக்குடுத்தனீங்கள்? கழுதைக்கோ?" என்று கேட்டார்.

இப்போது வீட்டில் என் முகம் சிவந்தால் போதும், தாயும் மகளும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள்.

"கத்துங்கோ அப்பா, நல்லாக் கத்துங்கோ!"

இப்படி உற்சாகப்படுத்தினால் எந்த மனிதனால் கத்த முடியும்?